பழைய எக்ஸ்போசிங் மெஷினை வாங்கி பிரிண்ட்மேக்கிங்குக்குப் பழக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆப்செட் அச்சகங்களில் ஒரு காலத்தில் பிளேட் எக்ஸ்போசிங் மெஷின் இல்லாமல் வேலையே நடக்காது. பிளேட்டின் மேல் பிலிமை வைத்து, வேக்குவம் போட்டு, விளக்கைக் காட்டினால்தான் பிளேட் தயாராகும். கம்ப்யூட்டரிலிருந்து நேராக பிளேட்டுக்குப் போகும் சிடிபி வந்த பிறகு பிலிமுக்கு வேலை இல்லை, பிலிமோடு இந்த மெஷினுக்கும் வேலை போய்விட்டது. சென்னை திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை சந்துகளிலும் சிவகாசியிலும் பின்னறைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. பல மெஷின்கள் காயலான் கடைக்கு எடைக்குப் போகின்றன. ஸ்கிரீன் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் துணி வழியே மை அச்சிடுவது), சயனோடைப் (தாளில் நீல நிறப் படம் எடுப்பது), போட்டோபாலிமர் பிளேட் (ஒளி பட்டால் இறுகும் தகடு) என்று ஒளியை வைத்துப் படம் செய்கிற எவருக்கும் இந்த மெஷின் நல்ல சொத்து.

என்னுடையது 20×24 அங்குலப் படுக்கை, கீழே பத்து டியூப், மேலே ரப்பர் ஷீட் வைத்த மூடி, பக்கத்தில் சின்ன வேக்குவம் பம்ப். விற்ற அச்சக முதலாளி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “நல்லா இருக்கான்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. லைட் எரியுது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.” நேர்மையான மனிதர். லைட் எரிகிறது என்பதற்கும் மெஷின் வேலை செய்கிறது என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. நமக்கு வேண்டியது புற ஊதா ஒளி. அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்த மெஷின் விஷயத்தில் கண்ணை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. ஒவ்வொன்றையும் தாளிலோ ஸ்கிரீனிலோ சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சோதனைகள்தான்.

எந்த ஒளி வேண்டும்

புற ஊதாவில் மூன்று பிரிவு உண்டு. 315 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ளது யூவி-ஏ. 280 முதல் 315 வரை யூவி-பி. அதற்குக் கீழே யூவி-சி. நம் வேலைக்கு யூவி-ஏ போதும், அதை ஒட்டிய ஊதா வெளிச்சமும் உதவும். ஸ்கிரீனில் பூசும், ஒளி பட்டால் இறுகும் டயஸோ எமல்சன் சுமார் 350 முதல் 420 வரை நன்றாக வேலை செய்யும். சயனோடைப்புக்கு 365 பக்கம் பிடிக்கும். போட்டோபாலிமர் பிளேட்டுகளும் பெரும்பாலும் 365ஐ ஒட்டித்தான். சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவி-ஏவைப் பெருமளவு விட்டுவிடும், யூவி-சியைத் தடுத்துவிடும். இந்த ஒரு விவரம் பின்னால் இரண்டு இடத்தில் கைகொடுக்கும்.

வாங்கும் முன்

பழைய மெஷின்கள் இரண்டு வகை. ஒன்று டியூப் வைத்த பெட்டி. இன்னொன்று ஒரே பெரிய மெட்டல் ஹேலைடு விளக்கு, 1000 வாட் அல்லது அதற்கு மேல், எதிரே வேக்குவம் பிரேம். இரண்டாவது வகையில் ஒளி ஒரே இடத்திலிருந்து வருவதால் மெல்லிய கோடுகளும் புள்ளிகளும் கூர்மையாக வரும், நேரமும் குறைவு. ஆனால் இடம் அடைக்கும், சூடாகும், 15 ஆம்பியர் பிளக் வேண்டும். விளக்கு எரிந்து நிலைக்கு வர சில நிமிடம் ஆகும். அணைத்தால் ஆறிய பிறகுதான் மறுபடி பற்றும். வீட்டு அறையில் வேலை செய்பவருக்கு நான் டியூப் பெட்டியைத்தான் சொல்வேன். கோடு சற்று மென்மையாக விழும் என்பது உண்மை. வேக்குவம் நன்றாக இருந்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், மல்ட்டிமீட்டர், புதிய ரூபாய் நோட்டு ஒன்று, பழைய செய்தித்தாள் எடுத்துப் போங்கள். முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் ஷீட். ஓரங்களில் விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்பு விட்டிருந்தால் மாற்ற வேண்டும், அந்தச் செலவைப் பேரத்தில் கழிக்கலாம். அடுத்து கண்ணாடி. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் கீறல்கள் தெரியும். நடுவில் ஆழமான கீறல் இருந்தால் ஒவ்வொரு பிரிண்டிலும் அது கோடாக வரும். மாற்ற வேண்டி வந்தால் 6 மில்லிமீட்டர் சாதாரண கண்ணாடி போதும். கண்ணாடிக்கடைக்காரர் பாதுகாப்பு என்று சொல்லி லேமினேட்டட் கண்ணாடி தருவார், வாங்காதீர்கள். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பிரிண்ட் விழாது.

அப்புறம் பம்ப். மூடியை மூடி, செய்தித்தாள் ஒன்றை உள்ளே வைத்து ஓட விடுங்கள். ரப்பர் கண்ணாடியோடு இறுகி, செய்தித்தாளின் மடிப்புகள் அதன் மேல் அச்சாகத் தெரிய வேண்டும். மீட்டர் இருந்தால் 20 அங்குல பாதரச அளவுக்குப் பக்கம் வர வேண்டும். பம்பை நிறுத்தியதும் சட்டென்று தளர்ந்தால் எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் குழாய்தான். சில நூறு ரூபாய் வேலை, அதற்காக மெஷினை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பம்ப்பே செத்திருந்தாலும் கவலை இல்லை. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை உறிஞ்சு குழாய் வழியாகப் பொருத்தி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ரூபாய் நோட்டு. அறையை இருட்டாக்கி, நோட்டைக் கண்ணாடி மேல் வைத்து விளக்கைப் போடுங்கள். நோட்டில் எண் எழுதிய இடமும், உள்ளே ஓடும் சின்னச் சின்ன இழைகளும் ஒளிர்ந்தால் டியூபில் யூவி-ஏ இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று நோட்டு சொல்லாது. அதை வீட்டில் பார்ப்போம். அடர் நீலமாக எரியும் டியூபில் இது தெளிவாகத் தெரியும், வெள்ளையாக எரிந்தால் அந்த வெளிச்சத்திலேயே ஒளிர்வு மறைந்துவிடும். அப்படி இருந்தால் டியூபின் ஓரத்தில் இருக்கும் எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். விளக்கை நேராகப் பார்க்கவேண்டாம்.

முதலில் மின்சாரம்

வண்டியிலிருந்து இறக்கியதும் பிளக்கைச் சொருக ஆசையாக இருக்கும். பொறுங்கள். இருபது வருடம் சூட்டில் கிடந்த ஒயர் இது. பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, என் மெஷினில் டியூப் ஹோல்டருக்குப் போகும் ஒயரின் மேலுறை அப்பளம் போல உடைந்து விழுந்தது. தொட்டதும் உள்ளிருந்த செம்பு பளபளத்தது. அச்சகத்தில் கடைசி வரை அது அப்படித்தான் ஓடியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தகட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினாலும் உடனே கை வைக்காதீர்கள். கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். மெட்டல் ஹேலைடு மெஷினில் இது விளையாட்டு இல்லை. அதன் இக்னைட்டர் விளக்கைப் பற்ற வைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் அடிக்கும். அந்த வகை மெஷினை ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள். டியூப் பெட்டியை நாமே பார்க்கலாம், ஆனால் சந்தேகம் வந்த இடத்தில் அவரைக் கூப்பிடுங்கள்.

ஹோல்டர்கள் மஞ்சளித்து நொறுங்கும் நிலையில் இருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். புற ஊதா ஒளி பிளாஸ்டிக்கைத் தின்னும். சூடு தாங்கும் ஒயர் கேட்டு வாங்குங்கள். ஸ்டார்ட்டர் எல்லாம் புதிதாகப் போடுங்கள். சோக் இரைந்தாலும் பரவாயில்லை, தார் உருகும் வாடை வந்தால் மாற்ற வேண்டும். எர்த் ஒயர் உடம்புத் தகட்டோடு உண்மையிலேயே சேர்ந்திருக்கிறதா என்று மல்ட்டிமீட்டரில் பாருங்கள். பிளக்கின் எர்த் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு ஓமுக்கு மேல் காட்டக்கூடாது. பெயின்ட் அடித்த இடத்தில் எர்த் திருகி வைத்திருப்பார்கள், அங்கே பெயின்ட்டைச் சுரண்டித்தான் பிடிக்க வேண்டும். மெஷின் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனை அறுக்கும் சுவிட்ச்) ஒன்று கட்டாயம் வேண்டும். ஈரக் கையோடு ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு இந்த இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறோம். இதில் காசைப் பார்க்காதீர்கள்.

டியூப்

பழைய டியூப்கள் எரியும், ஆனால் புற ஊதா குறைந்து போயிருக்கும். வாங்கியதும் மொத்த செட்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் என் யோசனை. ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலந்தால் படுக்கையில் வரி வரியாக ஒளி விழும்.

மாற்று டியூப் எங்கே கிடைக்கும் என்று பலரும் தவிக்கிறார்கள். ஸ்வீட் ஸ்டாலிலும் ஹோட்டலிலும் சுவரில் மாட்டியிருக்கும் பூச்சிப் பொறியைப் பாருங்கள். அதில் எரிவது 365 நானோமீட்டரை ஒட்டிய டியூப்தான். எலக்ட்ரிக்கல் மொத்தக் கடைகளில் கிடைக்கும். டியூப் ஓரத்தில் பிஎல் என்று இருந்தால் நமக்கு ஏற்றது, வெளிர் நீலமாக எரியும். பிஎல்பி என்று இருந்தால் கரு ஊதாக் கண்ணாடி, அதுவும் வேலை செய்யும். வெறும் நீலச் சாயம் பூசிய அலங்கார டியூபை அதே பெயரில் தருபவர்களும் உண்டு, ஆக ஒன்றை வாங்கி ரூபாய் நோட்டுச் சோதனை செய்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் தவறியும் போடாதீர்கள். தண்ணீர் சுத்திகரிப்பிலும் ஆஸ்பத்திரி அறைகளிலும் கிருமி கொல்லப் பயன்படும் டியூப் அளவில் இதே போல இருக்கும், இதே ஹோல்டரில் உட்காரும். உள்ளே வெள்ளைப் பூச்சு இல்லாமல் கண்ணாடி தெளிவாக இருக்கும், எழுத்து பெரும்பாலும் ஜி என்றோ டியூவி என்றோ தொடங்கும். அது 254 நானோமீட்டர் யூவி-சி. சில நிமிடத்தில் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். நம் கண்ணாடி அதை மறித்துவிடுவதால் பிரிண்டுக்கும் துளி பயன் கிடையாது.

டியூபுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி, பக்கத்துப் பக்கத்து டியூபுக்கு உள்ள இடைவெளியை விடக் குறையாமல் இருக்கட்டும். என் பெட்டியில் 4 அங்குலம். பின்னால் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். பெட்டி கொதித்தால் டியூபின் ஒளி குறைந்துவிடும், காலையில் சரியாக வந்த நேரம் மதியம் வராது.

அறையும் மஞ்சள் விளக்கும்

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, தலைக்கு மேல் மஞ்சள் எல்இடி பல்பு. எமல்சன் பூசிய ஸ்கிரீனை மஞ்சள் வெளிச்சத்தில் தைரியமாகக் கையாளலாம். மெஷினின் ஓரத்தில் கசியும் ஒளிக்கு கறுப்புத் துணிப் பாவாடை தைத்து மாட்டுங்கள். எரியும் நேரத்தில் திறக்க நேர்ந்தால் கண்ணில் போட பாலிகார்பனேட் மூக்குக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டல் ஹேலைடு மெஷின் என்றால் காற்றுப் போக்கும் வேண்டும், சில விளக்குகள் ஓசோன் வாடை விடும்.

ஒளி சமமாக விழுகிறதா

இதை யாரும் செய்வதில்லை, எல்லோரும் செய்ய வேண்டும். சயனோடைப் கரைசலை (செய்முறை பின்னால் வருகிறது) பெரிய தாள் ஒன்றில் சீராகப் பூசிக் காய வையுங்கள். பிலிம் எதுவும் வைக்காமல், படுக்கை முழுக்கத் தாளை விரித்து, வழக்கமான நேரத்தில் கால் பங்கு மட்டும் எரிய விட்டுக் கழுவுங்கள். முழுநீலம் வரக்கூடாது, நடுநீலம்தான் வேண்டும், அதில்தான் வித்தியாசம் தெரியும். என் தாள் காய்ந்தபோது நடுவில் ஒரு வானநீலச் செவ்வகம், டியூப் முனைகள் இருக்கும் இரண்டு பக்கமும் 2 அங்குலம் வெளுத்து, இடது கோடியில் ஒரு வெளிர் பட்டை. அந்தப் பட்டைக்கு நேர் கீழே இருந்த டியூப் மற்றவை போலத்தான் எரிந்துகொண்டிருந்தது. கண் பிடிக்காததைத் தாள் பிடித்துவிட்டது. ஸ்டார்ட்டரை மாற்றியும் சரியாகவில்லை, சோக் பலவீனம். மாற்றியதும் பட்டை போய்விட்டது.

டியூப் முனைகளின் வெளுப்பு போகாது, அது அந்த வகை பெட்டியின் இயல்பு. கண்ணாடியில் உள்ளே தள்ளி ஒரு செவ்வகத்துக்கு டேப் ஒட்டி, அதற்குள்தான் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20×24 என்று வாங்கினேன், உண்மையில் எனக்குக் கிடைத்தது 16×20.

ஒட்டுகிறதா

பாசிட்டிவ் என்பது படம் கறுப்பில் இருக்கும் தெளிவான பிலிம். அதன் கறுப்புப் பக்கம் எமல்சனைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நடுவில் பிலிமின் தடிமன் வந்தாலே கோடு ஓரத்தில் ஒளி புகுந்து மெலிந்துவிடும். பிரிண்டரில் எடுக்கும்போது இதைக் கணக்கில் வைத்து நேராகவோ இடவலம் மாற்றியோ எடுங்கள்.

வேக்குவம் ஏறும்போது பம்பைப் போட்டுவிட்டு வேறு வேலைக்கு ஓடாதீர்கள், நின்று பாருங்கள். மேலே கண்ணாடி இருக்கும் பிரேமாக இருந்தால் பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் போல வானவில் வளையங்கள் ஓடும். அவை நியூட்டன் வளையங்கள். முதலில் நெளிந்துகொண்டே இருக்கும், காற்று போகப் போக அசையாமல் நின்றுவிடும். நின்ற பிறகுதான் விளக்கு. என் அனுபவத்தில் இதற்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அவசரப்பட்டு விளக்கைப் போட்ட ஸ்கிரீன்களில்தான் நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்கு எழுத்து மங்கியிருக்கும்.

ஸ்கிரீனுக்குச் சட்டம் இருப்பதால் ரப்பர் அதன் மேல் கூடாரம் மாதிரி நிற்கும், நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். மெஷ் மேலிருந்து வேக்குவம் துளை வரை ஒரு பருத்திக் கயிற்றைப் போடுங்கள், அதை ஒட்டிக் காற்று வெளியேறும். சட்டத்தின் கூர்முனைகளில் துணி சுற்றுங்கள், ரப்பர் கிழியாது.

எத்தனை நிமிடம்

மற்றவர்கள் சொல்லும் நேரம் உங்களுக்கு உதவாது. அவர்கள் டியூப் வேறு, தூரம் வேறு, எமல்சன் வேறு. மெஷினில் இருக்கும் சாவி கொடுக்கும் டைமரையும் மொபைல் ஸ்டாப்வாட்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு 5 நிமிடத்துக்கு 40 விநாடி குறைந்தது. டிஜிட்டல் டைமர் ஒன்று மாட்டிவிட்டேன்.

எளிய வழி பட்டை முறை. மெல்லிய கோடும் சிறிய எழுத்தும் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாசிட்டிவை ஸ்கிரீனில் டேப் போட்டு அசையாமல் ஒட்டுங்கள். முழுவதையும் 1 நிமிடம் எரிய விடுங்கள். மூடியைத் திறந்து முதல் கால் பகுதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து இன்னொரு 1 நிமிடம். இரண்டாம் கால் பகுதியையும் மறைத்து 2 நிமிடம். மூன்றாவதையும் மறைத்து 4 நிமிடம். இப்போது ஒரே ஸ்கிரீனில் 1, 2, 4, 8 நிமிடங்கள் இருக்கின்றன. கழுவும்போது குறைந்த பட்டையில் எமல்சன் வழுவழுவென்று கரைந்து போகும். அதிகமான பட்டையில் எழுத்தின் சுழிகள் திறக்காமல் அடைத்துக்கொள்ளும். நடுவில் எங்கே எமல்சன் உறுதியாக நின்று, எழுத்தும் திறக்கிறதோ அதுதான் உங்கள் நேரத்தின் அக்கம்பக்கம். இரண்டு பட்டைக்கு நடுவே இருந்தால் அந்த இடைவெளியில் இன்னொரு சோதனை.

இதைவிட நல்ல வழி ஸ்டௌஃபர் 21 படிப் பட்டை. விரல் நீளப் பிலிம், அதில் தெளிவிலிருந்து கறுப்பு வரை 21 படிகள். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் ஒளியைக் குறைக்கும், இரண்டு படி தாண்டினால் ஒளி பாதி. படத்தின் ஓரத்தில் வைத்து ஒரே தடவை எரித்தால் போதும். டயஸோ எமல்சனில் 7ஆம் படி வரை உறுதியாக நின்றால் சரி என்பது பழகிய கணக்கு. 5 வரைதான் நிற்கிறது என்றால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். 6 என்றால் 1.4 ஆல் பெருக்குங்கள். 9 வரை நின்றால் பாதியாக்குங்கள். பட்டையின் விலை முதலில் உறுத்தும். ஆறு ஸ்கிரீன் வீணானால் அதைவிட அதிகம் போயிருக்கும்.

ஸ்கிரீன்

நம் ஊர் கடைகளில் இன்னும் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கரைசலில் ஆரஞ்சு நிற பைக்ரோமேட்டைக் கலந்து பூசுகிறார்கள். பைக்ரோமேட் தடவிய காகிதம் ஒளியில் மாறும் என்று ஸ்காட்லாந்தின் முங்கோ பாண்டன் 1839இல் கண்டுபிடித்ததிலிருந்து வரும் பாட்டை அது. விலை மலிவு, வேகமும் உண்டு. ஆனால் அதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும், தோலில் புண் போடும், கழுவும் தண்ணீரோடு சாக்கடைக்கும் போகும். வீட்டில் வைத்து வேலை செய்பவர் அதைத் தொடவே வேண்டாம். டயஸோ எமல்சன் வாங்குங்கள், கூடவே வரும் பொடியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்துக் கலந்து, நுரை அடங்க ஒரு இரவு விடுங்கள்.

ஸ்கிரீனைப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு எண்ணெய் போகத் துலக்கிக் காய வையுங்கள். எமல்சனை அச்சுப் பக்கம் (தாளைத் தொடும் பக்கம்) ஒரு இழுப்பு, மைப் பக்கம் ஒரு இழுப்பு, ஒரே வேகத்தில். அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கையாகக் காய வைக்க வேண்டும். சென்னைக்காரர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஈர எமல்சன் எவ்வளவு எரித்தாலும் இறுகாது, கழுவும்போது உரிந்து வரும். மழைக்காலத்தில் ஒரு மூடிய அலமாரியில் சிலிக்கா ஜெல்லும் ஃபேனும் வைத்து இரவு முழுக்க விடுகிறேன். ஹேர் டிரையரின் சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ஒளி இல்லாமலே இறுகத் தொடங்கும்.

வெள்ளை மெஷ்ஷைவிட மஞ்சள் மெஷ் நல்லது, இழைக்குள் ஒளி சிதறாது. பாசிட்டிவைப் பட்டர் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்தால் கறுப்பு போதாமல் ஒளி கசியும். ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள், கறுப்பு வழியே வெளிச்சம் தெரிந்தால் அது கறுப்பு இல்லை. இன்க்ஜெட் பிலிம் நன்றாக இருக்கும்.

எரிந்து முடிந்ததும் இரண்டு பக்கமும் தண்ணீரில் நனைத்து ஒரு நிமிடம் விடுங்கள். அப்புறம் அச்சுப் பக்கத்திலிருந்து மெல்லத் தெளியுங்கள். படம் முதலில் வெளிறிய நிழலாகத் தெரியும், பிறகு ஒவ்வொரு கோடாகத் திறக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் திறந்த துளைகள் வழியே மெஷ் ஜாலி மாதிரி மின்னும். எத்தனை வருடம் செய்தாலும் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

சயனோடைப்

1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை, இன்றும் அதே இரண்டு உப்புகள். பச்சை ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணீரில், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில். பயன்படுத்தும்போது சம அளவு கலந்து பூச வேண்டும். ஃபெர்ரிசயனைடை அமிலத்தோடு சூடாக்கக்கூடாது, விஷவாயு வரும். இது நெகட்டிவ் (வெளிச்சமும் இருட்டும் இடம் மாறிய பிலிம்) வைத்துச் செய்வது, பாசிட்டிவ் இல்லை. என் பெட்டியில் 12 நிமிடம். இருட்டான பகுதிகள் நீலத்தைத் தாண்டி வெண்கலச் சாம்பலாக மாறினால் போதும், கழுவலாம்.

போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் கழுவக் கழுவ நீலம் வெளுக்கும். தண்ணீரின் காரம்தான் காரணம். முதல் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்துவிடுங்கள். நீலம் நிற்கும்.

போட்டோபாலிமர் பிளேட்

எட்சிங் என்பது உலோகத் தகட்டை ஆசிட்டில் அரித்துக் குழியாக்கி அச்சடிப்பது. ஆசிட் இல்லாமல் அது போல அச்சடிக்க இது ஒரு வழி. பிளேட்டில் ஒளி பட்ட இடம் இறுகும், கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து குழியாகும், குழியில் மை நிற்கும். அகலமான கறுப்பு மொத்தமாகக் கரைந்துவிட்டால் நடுவில் மை நிற்க இடமில்லாமல் துடைபட்டுப் போகும். அதனால் முதலில் பொடிப் புள்ளிகள் கொண்ட அக்வாடின்ட் பிலிமை வைத்து ஒரு தடவையும், அப்புறம் படத்தை வைத்து ஒரு தடவையும் எரிக்க வேண்டும். இரண்டு நேரத்தையும் தனித்தனியாகப் பட்டை முறையில் கண்டுபிடியுங்கள்.

பிளேட் வழுவழுப்பானது, பிலிம் ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழி மாட்டும். லேசாக முகப்பவுடர் தூவிப் பஞ்சால் துடைத்துவிட்டு வையுங்கள். கழுவும் தண்ணீரும் முக்கியம். மே மாத மதியம் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும், அதில் கழுவினால் மெல்லிய சாயல்கள் இரண்டு நிமிடத்தில் போய்விடும். முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, செய்தித்தாள் வைத்து ஒற்றி, ஹேர் டிரையரில் காய வைத்து, பிலிம் இல்லாமல் இன்னொரு தடவை எரித்து இறுக்குங்கள்.

மாலை வோல்டேஜ்

ஒரு வாரம் முழுக்க என் ஸ்கிரீன்கள் காலையில் சரியாகவும் இரவில் உரிந்தும் வந்தன. எமல்சனை மாற்றினேன், புதிய மெஷ் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மல்ட்டிமீட்டரைப் பிளக்கில் வைத்தேன். காலையில் 232 வோல்ட். இரவு எட்டு மணிக்கு, தெரு முழுக்க ஏசி ஓடும்போது, 198. சோக் வைத்த டியூப் வோல்டேஜ் குறைந்தால் பேசாமல் ஒளியைக் குறைத்துக்கொள்ளும், எரிவது மட்டும் எரியும். ஸ்டெபிலைசர் போட்டதும் தொல்லை தீர்ந்தது. ஸ்டெபிலைசர் முடியாது என்றால் காலையிலேயே எரிக்கும் வேலையை முடித்துவிடுங்கள்.

அன்றிலிருந்து மூடியின் உள்பக்கம் ஒரு நோட்டுத்தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். தேதி, வோல்டேஜ், எமல்சன், நேரம், எந்தப் படி வரை நின்றது, டியூப் மொத்தம் எத்தனை மணி எரிந்தது. படி 7லிருந்து 6க்கு இறங்கத் தொடங்கினால் முதலில் நேரத்தைக் கூட்டுகிறேன், 5க்கு வந்தால் செட்டையே மாற்றுகிறேன். கழற்றிய டியூப்களைக் குப்பைத் தொட்டியில் போட்டு உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. புதிய டியூப் வந்த அட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.